முதிர்ந்த பரோலோவைச் சுவைத்து மதிப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் வடமேற்கில் பீட்மாண்ட் மாநிலம். அங்கே ஆல்பா நகருக்குத் தென்மேற்கே லாங்கே குன்றுகளில் விளையும் நெபியோலோ திராட்சையிலிருந்து வருவது பரோலோ. இருபது, முப்பது வருடம் பாட்டிலில் கிடந்த பரோலோ ஒன்று கைக்கு வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஒயினை மதிப்பிட மூக்கும் நாக்கும் எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு நேரமும் வேண்டும். பாட்டிலைத் திறந்த பத்தாவது நிமிடத்தில் சொல்லும் தீர்ப்பு பெரும்பாலும் நிற்காது.

பரோலோ என்று லேபிளில் போட என்ன தகுதி வேண்டும்?

முழுக்க முழுக்க நெபியோலோவாக இருக்க வேண்டும். வேறு திராட்சை ஒரு சொட்டும் சேரக் கூடாது. பரோலோ, லா மோரா, காஸ்திலியோனே ஃபாலெத்தோ, செர்ராலுங்கா, மோன்ஃபோர்தே உள்ளிட்ட 11 ஊர்களின் எல்லைக்குள் விளைந்திருக்க வேண்டும். 1966-ல் டிஓசி என்ற சட்டத் தகுதியும், 1980-ல் அதற்கும் மேலான டிஓசிஜி தகுதியும் கிடைத்தன. அறுவடை ஆண்டின் நவம்பர் 1-ஆம் தேதியிலிருந்து கணக்கிட்டு 38 மாதம் வைத்திருந்த பிறகே விற்கலாம்; அதில் 18 மாதமாவது மரப்பீப்பாயில் இருக்க வேண்டும். ‘ரிசர்வா’ என்றால் 62 மாதம். ஆக, கடைக்கு வரும்போதே அதற்கு வயது மூன்றைத் தாண்டியிருக்கும்.

முப்பது வருடப் பழசு என்றால் கெட்டுப்போயிருக்காதா?

உலகத்தில் விற்கும் சிவப்பு ஒயினில் பெரும்பகுதி சில வருடங்களுக்குள் குடித்து முடிக்கச் செய்யப்படுவது. அதைத் தாண்டி வைத்தால் சப்பென்று போய்விடும். நெபியோலோ அந்த ரகம் இல்லை. அதன் தோலிலும் விதையிலும் துவர்ப்பைத் தரும் டானின் மிக அதிகம். அக்டோபர் வரை கொடியில் நின்று பழுத்தாலும் புளிப்பு இறங்காது. இந்த இரண்டும் சேர்ந்துதான் ஒயினைக் காப்பாற்றுகின்றன.

இளம் பரோலோவை வாயில் விட்டால் பச்சை வாழைப்பூவைக் கடித்த மாதிரி ஈறும் கன்னமும் இழுத்துப் பிடிக்கும். வருடங்கள் போகப் போக அந்த டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்றும் நிறமிகளோடும் பிணைந்து பெரிதாகின்றன. கரைந்து நிற்க முடியாத அளவுக்குப் பெருத்தவை அடியில் வண்டலாக இறங்குகின்றன. மிஞ்சுவது வாயில் மெத்தென்று படும். கூடவே பழ மணம் மெல்ல விலகி, அதன் இடத்தில் வேறு மணங்கள் வருகின்றன. முதிர்ந்த பரோலோவைத் தேடிப் போகிறவர்கள் போவது அந்த மணங்களுக்காகத்தான்.

மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. லா மோரா, பரோலோ ஊர்ப் பக்கம் நீலச் சாம்பல் நிறச் சுண்ணாம்புக் களிமண். அங்கே விளைந்தது சற்று முன்னதாகவே இளகி, பூ மணத்தோடு வரும். செர்ராலுங்கா, மோன்ஃபோர்தே பக்கம் மணற்கல் கலந்த, இன்னும் பழைய காலத்து மண். அந்தப் பக்கத்து ஒயின் இறுக்கமானது. பதினைந்து வருடத்திலும் வாய் திறக்காமல் இருக்கும். ஒரே ஆண்டின் இரண்டு பாட்டில்களை ஒப்பிடும் முன் எந்த ஊர், எந்தத் தோட்டம் என்று பார்த்துவிடுங்கள். 2010-ல் இருந்து 181 தோட்டப் பெயர்களும் ஊர்ப் பெயர்களும் சட்டப்படி எல்லை வரையப்பட்டு லேபிளில் இடம்பெறுகின்றன.

எந்த வயதில் ‘முதிர்ந்தது’ என்று சொல்லலாம்?

என் கணக்கில், நல்ல ஆண்டாக இருந்தால் பதினைந்துக்கு மேல். பத்து வயதில் ஒரு நடுக்கட்டம் வரும். இளமைப் பழமும் போய், முதிர்ச்சி மணமும் வராமல், ஒயின் ஊமையாக இருக்கும். அதைக் குடித்துவிட்டுப் பரோலோ இவ்வளவுதானா என்று முடிவு கட்டியவர்கள் நிறையப் பேர். இருபதிலிருந்து முப்பதுக்குள் திறந்தால் பெரும்பாலும் வீண் போகாது. அதற்கு மேல் ஒவ்வொரு பாட்டிலும் தனித்தனி. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு பாட்டில்கூட ஒன்றாக இருக்காது; ஒவ்வொரு கார்க்கும் உள்ளே விடும் காற்றின் அளவு வேறு.

எந்த ஆண்டு அறுவடையைத் தேடலாம்?

1978, 1982, 1985, 1989, 1990, 1996, 1999, 2001, 2004, 2006, 2010. இவற்றில் 1996 எனக்கு மிகவும் பிடித்த ஆண்டு. குளிர்ந்த பருவம், கூர்மையான புளிப்பு, முரட்டு டானின். வெளிவந்த காலத்தில் அதைவிட 1997-க்குத்தான் மவுசு. வெயிலில் கனிந்து, இளமையிலேயே இனிப்பாக மயக்கியது. இன்று இரண்டையும் பக்கத்தில் வைத்துத் திறந்தால் நிமிர்ந்து நிற்பது பெரும்பாலும் 1996. இளமையில் இனிமையாக இருப்பதை வைத்து ஆயுளைக் கணிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

2003 ஐரோப்பா முழுதும் வெப்ப அலை வீசிய ஆண்டு. பல ஒயின்களில் வெந்த பழ வாசம் வரும். 2002-ல் மழையும் ஆலங்கட்டியும் கொட்டி, பலர் தங்கள் சிறந்த தோட்டத்து ஒயினை அந்த ஆண்டு பாட்டிலில் அடைக்கவே இல்லை. ஆனால் ஜியாகோமோ கொன்தெர்னோ நிறுவனம் அதே 2002-ல் தன் தலைசிறந்த ‘மோன்ஃபோர்தீனோ’ ரிசர்வாவை வெளியிட்டது. அது இன்றும் மதிக்கப்படுகிறது. ஆண்டு அட்டவணையை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். செய்தவர் யார் என்பதற்கு அதைவிட அதிக எடை கொடுங்கள்.

மரபுவழி, நவீனவழி என்கிறார்களே, சுவையில் அது தெரியுமா?

1980, 90-களின் பாட்டில் என்றால் கட்டாயம் தெரியும். பழைய வழியில் திராட்சைச் சாற்றைத் தோலோடு ஒரு மாதம், சில சமயம் அதற்கும் மேல் ஊறவிடுவார்கள். பிறகு குரோஷியாவின் ஸ்லாவோனியா பகுதி ஓக் மரத்தில் செய்த, ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும் பெரிய பீப்பாய்களில் வருடக்கணக்கில் வைப்பார்கள். அந்தப் பழைய மரம் ஒயினுக்குத் தன் வாசத்தைக் கொடுக்காது. 1980-களில் ஓர் இளம் தலைமுறை இதை மாற்றியது. அவர்களில் ஒருவரான எலியோ அல்தாரே தன் தந்தையின் பெரிய பீப்பாய்களைச் சங்கிலி ரம்பத்தால் அறுத்துத் தள்ளினார். தந்தை அவருக்குச் சொத்தில் பங்கில்லை என்று எழுதிவைத்தார். ஊறவிடும் காலத்தைச் சில நாட்களாகக் குறைத்து, 225 லிட்டர் பிடிக்கும் புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய்களை அவர்கள் கொண்டுவந்தார்கள். மறுபக்கம் மரபுவழியை விடாத பர்தோலோ மஸ்கரெல்லோ, சிறு பீப்பாயும் வேண்டாம், அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று லேபிளிலேயே எழுதினார்.

இன்று அந்தச் சண்டை ஓய்ந்துவிட்டது. பெரும்பாலானவர்கள் நடுவழிக்கு வந்துவிட்டார்கள். ஆனால் 1995-லிருந்து 2001 வரையிலான பாட்டில் ஒன்றைத் திறந்து, வறுத்த காப்பி, வனிலா, தேங்காய் வாசம் முன்னால் வந்து நின்றால் அது புது ஓக்கின் வேலை. இருபத்தைந்து வருடம் கழித்தும் மரம் அடங்காமல் இருந்தால் அதை நான் குறையாகவே எழுதுவேன். மரம் அடங்கி, உள்ளே ரோஜா தெரிந்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நவீனவழியிலும் அப்படிப்பட்ட அருமையான பாட்டில்கள் உண்டு.

வாங்கும் முன் பாட்டிலில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் அளவு. பரோலோ பெரும்பாலும் தோள் சரிந்த பாட்டிலில் வரும். தோளில் ‘அல்பெய்சா’ என்று புடைத்த எழுத்து பொறித்த பாட்டில் ஆல்பா வட்டாரத்துக்கே உரியது. கார்க்கின் அடிக்கும் ஒயினின் மேல்மட்டத்துக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். முப்பது வருடத்துக்கு மூன்று, நான்கு சென்டிமீட்டர் இயல்பு. ஆறுக்கு மேல் போனால், வைத்திருந்த விதம் பற்றிக் கேளுங்கள்.

அடுத்து கழுத்து உறை. விரலால் சுழற்றிப் பாருங்கள். தாராளமாகச் சுழன்றால் நல்லது. ஒட்டிக்கொண்டு பிசுபிசுத்தால் ஒயின் எப்போதோ கசிந்திருக்கிறது. வெயிலில் விரிந்து கார்க்கை மேலே தள்ளியிருக்கலாம். பாட்டிலை விளக்கொளியில் பிடித்து நிறத்தைப் பாருங்கள். கழுத்துப் பகுதியில் செங்கல் சிவப்பு தெரிந்தால் பயம் இல்லை. தேநீர்ப் பழுப்பு தெரிந்தால் விலகிவிடுங்கள். லேபிள் கறைபட்டிருப்பது குறையே இல்லை. ஈரமான நிலவறையில் கிடந்த பாட்டிலின் லேபிள் அப்படித்தான் இருக்கும். அந்த ஈரம் கார்க்குக்கு நல்லது.

இது எல்லாவற்றையும்விட முக்கியம், இத்தனை வருடம் எங்கே இருந்தது என்பது. ஒரே நிலவறையில் அசையாமல் கிடந்த சுமாரான ஆண்டின் பாட்டில், நாலு கை மாறி நாலு ஊர் சுற்றிய பெரிய ஆண்டின் பாட்டிலைப் பல முறை தோற்கடித்திருக்கிறது.

சென்னை, மதுரை வெயிலில் வீட்டில் வைக்கலாமா?

வைக்கக் கூடாது. 12 முதல் 14 டிகிரி செல்சியஸ், வெளிச்சம் இல்லாத இடம், சற்றே ஈரக் காற்று, இதுதான் வேண்டியது. சாதாரண ஃபிரிட்ஜின் குளிரும் வறட்சியும் வருடக்கணக்கில் வைக்க ஒத்துவராது, சில வாரங்களுக்குப் பரவாயில்லை. ஒயினுக்கென்றே உள்ள குளிர்பெட்டி இல்லாவிட்டால், வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் பாட்டிலை ஊர் வந்து சேர்ந்து இரண்டு மூன்று வாரம் ஃபிரிட்ஜில் கிடக்கவிட்டுக் குடித்துவிடுவது நல்லது. ஒரு கோடையைத் தாண்ட விடாதீர்கள்.

எவ்வளவு நாள் முன்னால் தயார் செய்ய வேண்டும்?

குறைந்தது இரண்டு நாள் முன்னால் பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். ஒரு வாரம் என்றால் இன்னும் நல்லது. நெபியோலோவின் வண்டல் மிக நுண்ணியது. பாட்டிலை அசைத்தால் ஒயின் முழுதும் மங்கலாகி, வாயில் கசப்பும் மணலும் சேர்ந்த மாதிரி ஆகிவிடும். அந்த நிலையில் அந்த ஒயினை யாராலும் மதிப்பிட முடியாது.

பழைய கார்க் உடைந்தால் என்ன செய்வது?

திருகு ஆணியைப் பழைய கார்க்கில் செலுத்தினால் நடுவில் பொடிந்துவிடும். இரண்டு மெல்லிய தகடுகள் கொண்ட, பக்கவாட்டில் செருகி முறுக்கி எடுக்கும் கருவி இதற்கென்றே இருக்கிறது; அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்படாமல், ஒரு தகட்டை மாற்றி ஒரு தகட்டை அசைத்து இறக்கி, முறுக்கியபடியே மேலே இழுக்க வேண்டும். அப்படியும் உடைந்தால் மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளலாம், ஒயினுக்கு ஒன்றும் ஆகாது. கார்க்கை எடுத்ததும் பாட்டில் வாயின் உட்புறத்தை ஈரத் துணியால் நன்றாகத் துடையுங்கள்.

டிகேன்டரில் (ஒயினை மாற்றி ஊற்றும் கண்ணாடிக் குடுவை) ஊற்றலாமா, கூடாதா? ஆளுக்கொன்று சொல்கிறார்களே?

இளம் பரோலோவுக்குக் காற்று தேவை என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பழையதில்தான் பிரச்சினை. பல வருடம் காற்றில்லாமல் கிடந்த ஒயின் திறந்ததும் மணம் வெளிவராமல் மூடியே இருக்கும். சில சமயம் பூட்டிக் கிடந்த அறையின் வாசம் அடிக்கும். அதற்குக் காற்று வேண்டும். ஆனால் அகன்ற டிகேன்டரில் சலசலவென்று ஊற்றினால், வலுவிழந்த பழைய ஒயினின் மெல்லிய மணம் அரை மணி நேரத்தில் பறந்துவிடும்.

நான் பின்பற்றுவது இதுதான். காலையில் கார்க்கை எடுத்து, ஒரு வாய் மட்டும் கிளாஸில் ஊற்றி முகர்ந்து பார்ப்பேன். டிசிஏ (கார்க்கிலிருந்து வரும் கெட்ட வாசப் பொருள்; கீழே விளக்கியிருக்கிறேன்) போன்ற கெட்ட வாசம் இல்லையென்றால் பாட்டிலை அப்படியே திறந்தபடி குளிர்ந்த இடத்தில் நிற்கவிடுவேன். கழுத்தின் சிறு பரப்பு வழியாகக் காற்று மிக மெதுவாகத்தான் வேலை செய்யும். பிரான்ஸின் பழைய ஒயின் சேகரிப்பாளர் ஃபிரான்சுவா ஓதூஸ், குடிக்க நாலைந்து மணி நேரம் முன்னால் திறந்து வைத்து, டிகேன்டரே இல்லாமல் ஊற்றும் இதுபோன்ற முறையைப் பரவலாக்கினார். நெபியோலோவுக்கு அது மிகப் பொருத்தம்.

முப்பது வயதுக்குக் கீழே, டானின் இன்னும் இறுக்கமாக இருந்தால், குறுகிய டிகேன்டரில் மெதுவாக ஊற்றலாம். அப்போது பாட்டில் கழுத்துக்குக் கீழே ஒரு மெழுகுவர்த்தியோ டார்ச்சோ வேண்டும். ஒரே சாய்வில், நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே வாருங்கள். முதலில் ஒளி தெளிவாக ஊடுருவும். பிறகு தோள் பக்கத்திலிருந்து புகை மாதிரி ஒரு கோடு கழுத்தை நோக்கி நகர்ந்து வரும். அது கழுத்தைத் தொடும் முன் நிறுத்திவிட வேண்டும். அடியில் தங்கும் அரை கிளாஸுக்காக ஆசைப்பட்டு மீதி முழுவதையும் கெடுக்காதீர்கள்.

என்ன கிளாஸ், என்ன வெப்பம்?

வயிறு அகன்று வாய் குறுகிய பெரிய கிளாஸ், மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே ஊற்றினால் போதும். வெப்பம் 16 முதல் 18 டிகிரி. நம் ஊர் அறையில் வேகமாக ஏறிவிடும் என்பதால் 14, 15-ல் ஊற்ற ஆரம்பியுங்கள். 20-ஐத் தாண்டினால் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும்.

நிறம் வெளிறி ஆரஞ்சாக இருக்கிறதே, போய்விட்டதா?

பயப்படாதீர்கள். நெபியோலோவின் நிறமிகள் குறைவு. இருப்பவையும் எளிதில் ஆக்சிஜனேற்றம் ஆகும் வகை. எனவே பத்து வயதிலேயே விளிம்பு ஆரஞ்சாகிவிடும். பிரான்ஸின் அடர்நிறப் போர்தோ ஒயின் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது எப்போதோ செத்துப்போனது போலத் தெரியும். வெள்ளைத் தாளின் மேல் கிளாஸைச் சாய்த்துப் பாருங்கள். நடுவில் மாதுளைச் சிவப்பு, விளிம்பில் செங்கல், ஓரத்தில் ஆரஞ்சு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பளபளப்பு. இவை இருந்தால் ஒயின் உயிரோடு இருக்கிறது. நடுப்பகுதியும் சேர்ந்து மங்கிப் பழுப்பாகி, ஒளி உயிரற்று இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். நிறத்தை வைத்து இறுதி முடிவு மட்டும் எடுக்காதீர்கள். என்னை மிகவும் நெகிழவைத்த பரோலோக்களில் சில, இளஞ்சிவப்பு ரோஸே ஒயின் அளவுக்கு வெளிறியவை.

மணத்தில் எதைத் தேட வேண்டும்?

முதலில் கிளாஸைச் சுழற்றாமல் முகருங்கள். பிறகு மெதுவாக ஒரு சுற்று. பரோலோ என்றாலே தாரும் ரோஜாவும் என்று சொல்வார்கள், அது வெறும் பேச்சு இல்லை. வெயிலில் இளகிய சாலைத் தாரின் வாசமும் காய்ந்த ரோஜா இதழின் வாசமும் ஒரே மூச்சில் வருவது வேறு எந்தத் திராட்சையிலும் இப்படி அமைவதில்லை. அவற்றோடு உலர்ந்த செர்ரி, ஆரஞ்சுத் தோல், அதிமதுரம், புகையிலை, பதனிட்ட தோல், கருந்தேயிலை, காளான், மழைக்குப் பின் மக்கிய இலை, கடைசியில் ஆல்பாவின் வெள்ளை டிரஃபிள் காளானை நினைவூட்டும் ஒரு வாசம். செர்ராலுங்கா பக்கத்து ஒயினில் ஒரு இரும்பு வாசமும் சேரும்.

இவை எல்லாம் ஒரே நேரத்தில் வராது என்பதுதான் முக்கியம். முப்பதை நெருங்கும் செர்ராலுங்கா பாட்டில் ஒன்று எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்கிறேன். ஊற்றியதும் பழைய மரமும் ஈரத் துணியும்தான் தெரியும். குறை உள்ள பாட்டிலோ என்று சந்தேகம் வரும். அரை மணி கழித்து அந்த ஈரம் விலகி, கருந்தேயிலையும் ஆரஞ்சுத் தோலும் வரும். ஒரு மணி நேரத்தில் ரோஜா எழும். இரண்டாம் மணியில் தார் கனத்து, அதிமதுரம் சேர்ந்து, எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் அப்படியே நிற்கிறது என்பதில்தான் அதன் தரம் இருக்கிறது. மூன்றாம் மணியிலும் சரியாமல் இருந்தால் அது பெரிய ஒயின். இருபது நிமிடம் மலர்ந்து சட்டென்று மங்கினால், நேற்று திறந்திருக்க வேண்டிய ஒயின்.

எனவே முதல் கிளாஸைத் தொடாமல் ஓரமாக ஒன்று வைத்துவிடுங்கள். அரை மணிக்கொரு முறை அதே கிளாஸுக்குத் திரும்பி வாருங்கள்.

வாயில் என்ன கவனிக்க வேண்டும்?

கொஞ்சம் எடுத்து, நாக்கு முழுதும் படும்படி உருட்டி, சிறிது காற்றை உறிஞ்சுங்கள். மூன்று விஷயங்களைப் பாருங்கள். டானின் எங்கே பிடிக்கிறது, எப்படிப் பிடிக்கிறது? முதிர்ந்த நல்ல பரோலோவில் துவர்ப்பு இருக்கும், ஆனால் மெல்லிய தூளாகப் படிந்து கரைந்துவிடும். கசந்து வறண்டு நிற்காது. புளிப்பு வாயில் நீர் ஊற வைக்கிறதா? அதுதான் பழைய ஒயினின் முதுகெலும்பு. மூன்றாவது, நடுவில் இனிமை மிஞ்சியிருக்கிறதா என்பது. சர்க்கரை இல்லாத ஒயின்தான், ஆனால் பழத்தின் நினைவாக ஒரு இனிமை நாக்கின் நடுவில் தட்டுப்படும். அந்த இனிமை முழுக்கப் போய், புளிப்பும் துவர்ப்பும் மட்டும் எலும்புக்கூடாக நின்றால், வைத்திருந்த காலம் அதிகம்.

விழுங்கிய பிறகு மணம் எவ்வளவு நேரம் தொண்டையிலிருந்து திரும்பி வருகிறது என்று கவனியுங்கள். சிறந்த பாட்டிலில் அரை நிமிடத்தைத் தாண்டியும் வரும்; அந்த நேரத்தில் அது மாறிக்கொண்டும் இருக்கும்.

பழைய ஒயினின் இயல்பு எது, கெட்டுப்போனது எது? எப்படிப் பிரிப்பது?

கார்க் நோய்க்குக் காரணம் டிசிஏ என்ற டிரைகுளோரோஅனிசோல். ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே போதும், நனைந்த அட்டைப்பெட்டியின் வாசம் அடிக்கும். காற்றுபட்டால் அது குறையாது, கூடத்தான் செய்யும். மேலே சொன்ன ஆரம்ப ஈர வாசத்தையும் இதையும் பிரிக்க அதுவே வழி. அரை மணியில் விலகினால் அது பாட்டில் வாசம், தங்கி வளர்ந்தால் டிசிஏ. அதன் அளவு மிகக் குறைவாக இருந்தால் வாசமே தெரியாமல் ஒயின் மட்டும் ஊமையாகிவிடும். 2013-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இந்தப் பொருள் மூக்கின் செல்களையே மந்தப்படுத்துகிறது என்று காட்டினார்கள். எனவே நல்ல ஆண்டின், நன்றாக வைத்திருந்த பாட்டில் காரணமில்லாமல் மணமற்று இருந்தால் டிசிஏவைச் சந்தேகியுங்கள்.

நெயில் பாலிஷ் வாசமும் வினிகர் காட்டமும் ஆவியாகும் அமிலத்தால் வருபவை. பழைய மரபுவழிப் பரோலோவில் சிறு அளவு சகஜம். மணத்தை மேலே தூக்கிவிடவும் செய்யும். தொண்டையை எரித்தால் மட்டும் குறை. குதிரை லாய வாசம் பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்டின் வேலை. கொஞ்சம் இருந்தால் பதனிட்ட தோல் மாதிரி சேர்ந்து போகும், நிறைய இருந்தால் எல்லாப் பரோலோவையும் ஒரே ஒயினாக்கிவிடும். இதில் நான் கண்டிப்பானவன். ரோஜாவை மறைக்கும் அளவு இருந்தால் பொறுக்க மாட்டேன்.

நசுங்கிப் பழுத்த ஆப்பிள், ஷெரி என்ற ஸ்பானிய ஒயின், தட்டையான கொட்டை வாசம் வந்தால் ஆக்சிஜனேற்றம் முற்றிவிட்டது. வெந்த ஜாம், சோயா சாஸ் போல இருந்தால் வெயில் பட்டது. இவை இரண்டும் நேரம் கொடுத்தாலும் தேறாது.

மீதமுள்ள பாட்டில்களை இன்னும் வைக்கலாமா என்று எப்படித் தெரியும்?

ஒன்றைத் திறந்து, அது காற்றில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதுதான் ஒரே வழி. மூன்று மணி நேரம் ஏறிக்கொண்டே போனால் ஐந்து, பத்து வருடம் தாராளமாக வைக்கலாம். திறந்ததுமே முழு அழகில் இருந்து, மெல்லச் சரிந்தால் அடுத்த ஓரிரு வருடத்துக்குள் முடித்துவிடுங்கள். டானின் இன்னும் முரடு, ஆனால் பழம் போய்விட்டது என்றால் காத்திருப்பதில் பயன் இல்லை. டானின் இளகும்போது அதற்குத் துணையாக உள்ளே எதுவும் இருக்காது.

மதிப்பெண் போட வேண்டுமா?

போடுவதென்றால் போடுங்கள், ஆனால் எந்த மணி நேரத்தில் போட்டது என்று பக்கத்தில் எழுதுங்கள். ‘7.15: மூடியிருக்கிறது, ஈரம். 8.00: தேயிலை, ஆரஞ்சு. 9.10: ரோஜா, தார், டானின் இளகிவிட்டது’ என்று எழுதிய குறிப்பு, நூற்றுக்கு 93 என்ற வெற்று எண்ணைவிடப் பல மடங்கு பயன்படும். எந்தத் தோட்டம், எப்போது கார்க் எடுத்தது, டிகேன்டரா பாட்டிலா, என்ன வெப்பம் என்பதையும் எழுதுங்கள். அடுத்த பாட்டிலை எப்போது, எப்படித் திறப்பது என்பதை அந்தக் குறிப்புதான் சொல்லும்.

என்ன சாப்பாட்டோடு?

பீட்மாண்டில் முட்டை மஞ்சள்கரு சேர்த்த மெல்லிய தயரின் நூடுல்ஸில் வெண்ணெயும் வெள்ளை டிரஃபிளும், பரோலோவிலேயே ஊறவைத்து மெதுவாக வேகவைத்த மாட்டிறைச்சி, காஸ்தெல்மாஞ்ஞோ சீஸ். புரதமும் கொழுப்பும் டானினைப் பிடித்துக்கொள்ளும். மிளகாய்க் காரம் மட்டும் வேண்டாம். முப்பது வருடத்து மணம் ஒரு வாய்க் குழம்பில் காணாமல் போகும். மதிப்பிட வேண்டும் என்றால் முதல் ஒரு மணி நேரம் சாப்பாடே இல்லாமல், வெறும் ரொட்டியோடு இருங்கள்.

மற்ற இத்தாலியப் பழைய சிவப்பு ஒயின்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பார்பரெஸ்கோவுக்கு அப்படியே பொருந்தும். அதுவும் நெபியோலோதான், சற்று முன்னதாக முதிரும். சான்ஜியோவேசேயில் செய்யும் புரூனெல்லோவுக்கும், அல்யானிகோவில் செய்யும் தௌராசிக்கும் பெருமளவு பொருந்தும்; மணங்களின் பட்டியல் மட்டும் மாறும். அமரோனே உலரவைத்த திராட்சையில் செய்வது, அதற்கு அளவுகோலே வேறு.

பாட்டிலில் மிச்சம் இருந்தால் மறுநாள் வைக்கலாமா?

ஒரு கிளாஸாவது மிச்சம் வைக்கச் சொல்வேன். கார்க்கைத் தலைகீழாகச் செருகி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மறுநாள் மாலை ஊற்றிப் பாருங்கள். இரவு முழுதும் காற்றோடு கிடந்தும் ரோஜா நிற்கிறது, புளிப்பு தெளிவாக இருக்கிறது என்றால், அதே பெட்டியின் மற்ற பாட்டில்களைப் பற்றிக் கவலையே வேண்டாம். வினிகராகவோ ஷெரியாகவோ திரும்பியிருந்தால், அவற்றை இந்த வருடமே திறக்கத் திட்டமிடுங்கள். அடியில் நின்ற வண்டல் ஒயினையும் கொட்ட வேண்டாம். வடிகட்டி இறைச்சிக் குழம்பில் சேர்க்கலாம்.